மாவுன்னா எந்த மாவு?

எங்கள் கட்டுமான வேலையிடத்தில் உயரக் கிரேனை ஓட்டியவர் ஒரு பெண். பதினோரு வருஷம் ஓட்டினார். ஐம்பது மீட்டர் ஏணி ஏறிக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவார். மேலே கக்கூஸ் கிடையாது. வைக்கச் சொல்லித் தொழிற்சங்கத்தின் சார்பில் நான் மூன்று முறை மனு எழுதினேன், மூன்றும் குப்பைக்குப் போயின. அவர் அதைப் பற்றி மூச்சு விட்டதில்லை. தேவைப்படவில்லை.

குடலில் புண் வந்த பிறகுதான் தேவைப்பட்டது. வயிறு சொல்லாமல் கொள்ளாமல் கலக்கும். கான்கிரீட் தொட்டி அந்தரத்தில் தொங்கும்போது கலக்கினால் என்ன செய்வது? தொட்டியைத் தரையில் வைத்துவிட்டு ஐம்பது மீட்டர் இறங்க வேண்டும். ஒரே நாளில் நான்கு முறை இறங்கினார். பசங்கள் "லிஃப்ட் அக்கா" என்று பெயர் வைத்தார்கள். சிரிப்பதற்கு அவர்களுக்கு வேறு எதுவும் இல்லை.

கம்பெனி மருத்துவ விடுப்பில் அனுப்பியது. விடுப்பு முடியும்போது கம்பெனி டாக்டர் சோதித்துச் சொல்வார்: உடம்பு தேறியிருந்தால் கூண்டு, இல்லையென்றால் வாசலில் லாரி நம்பர் எழுதுகிற நாற்காலி. அந்த நாற்காலியைக் கிரேன்காரர் ஒரு தடவை பார்த்துவிட்டு, "பொணத்த உக்கார வெச்சா கூட எழுதும்ணே" என்றார்.

ஆஸ்பத்திரியில் மாத்திரையோடு பத்தியமும் கொடுத்தார்கள். தானியம் இல்லை, கிழங்கு இல்லை, சர்க்கரை இல்லை. முட்டை, கறி, வேகவைத்த காய். சமையல் அவருடைய வீட்டுக்காரர் பொறுப்பு. அவர் டைல்ஸ் ஒட்டுகிறவர். ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் பெயர்த்துவிட்டு மறுபடி ஒட்டுகிற ஜாதி. காரட்டைக்கூட அளந்துதான் வெட்டினார்.

மூன்று மாதம் போனது. வயிறு அடங்கியது. இனி காய்ந்த வெள்ளை பீன்ஸ் கொஞ்சம் தொடலாம் என்றார் ஆஸ்பத்திரியில் பத்தியம் சொல்கிற அம்மா. ராத்திரி ஊறப்போடணும், அந்தத் தண்ணியைக் கொட்டணும், புதுத் தண்ணியில் குழைய வேகவைக்கணும். வீட்டுக்காரர் அப்படியே செய்தார். முதல் நாள் இரண்டு ஸ்பூன், அப்புறம் கால் கிண்ணம். ஒரு தொந்தரவும் இல்லை.

ஒரு வாரம் கழித்துக் கிரேன்காரருக்கு நாக்கு செத்துப்போனது. கடித்துச் சாப்பிட ஏதாவது வேண்டும் என்றார். வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, பீன்ஸை மாவாக்கி ரொட்டி மாதிரிச் சுடலாமா என்று கேட்டார். சுடலாம் என்றார் அதே அம்மா. சுட்டார். மூன்றாம் நாள் பழைய கதை திரும்பியது.

சோதனைக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கும்போது இருவரும் சங்க ஆபீசுக்கு வந்தார்கள்.

"அண்ணே, ஒரு கடுதாசி எழுதிக் குடுங்க" என்றார் கிரேன்காரர். "நானே கேட்டு வாசலுக்குப் போறேன்னு. டாக்டர் வந்து 'நீ லாயக்கில்ல'ன்னு சொல்ற வரைக்கும் நிக்க மாட்டேன்."

நான் பேனாவை மூடினேன். "தோக்கறதா இருந்தா கேட்டுட்டுத் தோத்துப் போ. ஆஸ்பத்திரிக்குச் சொன்னியா?"

"என்னத்த சொல்றது? வியாதி திரும்பிடுச்சு."

"அத நீ சொல்லாத. போடு போன."

வீட்டுக்காரர் போட்டார். ஸ்பீக்கரில் வைக்கச் சொன்னேன். பத்தியம் சொல்கிற அம்மா வலி, காற்று, எத்தனை தடவை என்று எல்லாம் கேட்டார்.

"ரத்தம் போகுதா?"

"இல்லீங்க" என்றார் கிரேன்காரர்.

"புதுசா என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணும் இல்லீங்க மேடம்" என்று வீட்டுக்காரர் குறுக்கே விழுந்தார். "அதே பீன்ஸ்தான். நீங்க சொன்னபடி மாவாக்கி சுட்டுக் குடுத்தேன்."

"ஊறவெச்சு, தண்ணியக் கொட்டிட்டு, வேகவெச்சு அரைச்ச மாவுதானே?"

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார்.

"ஹலோ? எந்த மாவுங்க?"

"மாவுன்னா... மாவுதாங்க. கடையில பீன்ஸ் மாவுன்னு பாக்கெட்ல இருந்துச்சு. நைசா இருந்துச்சு."

"ஐயோ சார்! அது காய்ஞ்ச பீன்ஸ அப்படியே மிஷின்ல போட்டுத் திரிச்சது. ஊறவே இல்ல. வயித்துக்கு ஒத்துக்காததுல பாதி ஊறுற தண்ணியோட போகணும்னுதான் ஊறப்போடச் சொல்றோம். இந்தப் பத்தியத்துல பாக்கெட் மாவு எதுவுமே கிடையாது. நான் ஈர மாவ சொன்னேன்."

"நான் காஞ்ச மாவ நெனச்சேன்" என்றார் வீட்டுக்காரர். தண்ணீரில் விழுந்த அட்டைப்பெட்டி மாதிரி ஆகிவிட்டது முகம்.

யார் மேல் குற்றம் சொல்வது? அரைத்தாலும் மாவு, திரித்தாலும் மாவு. நம் மொழி இரண்டுக்கும் ஒரே சொல்லைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது. துண்டறிக்கையில் இப்படி ஒரு சொல்லைப் போட்டு ஒரு முழு வேலைநிறுத்தத்தையே நான் கெடுத்திருக்கிறேன்.

"அப்ப வியாதி திரும்பலையா மேடம்?" என்றார் கிரேன்காரர். 

"மாவு பண்ண வேல மாதிரிதான் தெரியுது. இன்னைக்கே நிறுத்துங்க. நாளைக்கு வந்து டெஸ்ட் குடுத்துருங்க, சந்தேகம் வேணாம். மாத்திரைய மட்டும் விட்டுறாதீங்க."

போன் அடங்கியது. அவர் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தார்.

"மில்லிமீட்டர் கணக்கு பாக்கற மனுஷன்! பாக்கெட்ட பாத்ததும் பல்ல இளிச்சிட்டீங்களா?"

"நைசா இருந்துச்சும்மா..."

"டைல்ஸ் சிமெண்ட் கூட நைசாத்தான் இருக்கு. நாளைக்கு அதச் சுட்டுக் குடுங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். வீட்டுக்காரரும் மூக்கைத் துடைத்தார். எனக்கு இதெல்லாம் ஒத்துவராது, டீ சொல்ல வெளியே போய்விட்டேன்.

டெஸ்டில் குடல் அமைதியாக இருந்தது. ஐந்தாறு நாளில் வயிறும் அடங்கியது. இரண்டு வாரம் கழித்துக் கம்பெனி டாக்டர் அழுத்திப் பார்த்தார், ரிப்போர்ட்டைப் புரட்டினார், கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை ஏழு மணிக்கு ஏறினார். கீழே அண்ணாந்து பார்த்துப் பார்த்து எங்களுக்குக் கழுத்து வலித்துப்போனது. எட்டு, பத்து, பதினொன்று. கிரேன் சுற்றிக்கொண்டே இருந்தது. மணி ஒன்று அடித்துப் பத்து நிமிடம் கழித்துத்தான் ஏணியில் பூட்ஸ் சத்தம் கேட்டது.

வீட்டுக்காரர் ஓடிப்போய், "என்னம்மா, வயிறு?" என்றார்.

"பசிக்குது" என்றார் அவர். "என்ன கொண்டாந்தீங்க?"