தலையில்லாத மீன்

அதோயோவைப் பற்றிச் சொல்வதென்றால் அவள் கையிலிருந்துதான் தொடங்க வேண்டும். எங்கள் தெருப் பெண்கள் கையெல்லாம் வெயிலில் காய்ந்த கை. அவளுடையது ஐஸில் ஊறி வெளுத்த கை. எங்கள் ஊர் கிசுமுவின் ஏரிக்கரையில் இருந்த மீன் கம்பெனியில் கல்யாணமான புதிதில் சேர்ந்தவள், மகள் வளர்ந்து நிற்கும்வரை அங்கேதான் நின்றாள். பெரிய பெரிய ம்புத்தா மீனை முள் நீக்கி, தோல் உரித்து, சதையைப் பாளம் பாளமாக எடுத்து அடுக்குவது வேலை. அந்தப் பாளம் வெளிநாட்டுக்கு விமானம் ஏறிப் போய்விடும். தலையும் நடுமுள்ளும் எங்களுக்கு. எங்களுக்கும் அதில் குறை ஒன்றும் இல்லை. தலையில்லாத மீனை யார் மீன் என்று சொல்வார்கள்?

நான் ரிஸ்பா. அவள் வீட்டுக்கு எதிரே தக்காளி, வெங்காயம், கொத்தமல்லி, எலுமிச்சை வைத்து விற்கிறவள். எனக்கு நாக்கு நீளம் என்று தெருவில் பேச்சு உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும். அதோயோவுக்கு நாக்கே கிடையாது. கம்பெனியில் மேஸ்திரி திட்டினாலும் வீட்டில் மாமியார் திட்டினாலும் ஒரே மாதிரி தலையை ஆட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள். இவளைப் படைத்தபோது கடவுள் கோபத்தை வேறு எங்கோ மறந்து வைத்துவிட்டார் என்று நான் அவளிடமே சொல்லியிருக்கிறேன். அதற்கும் சிரிப்புத்தான்.

அவள் புருஷன் ஒகோலா அதற்கு நேர்மாறு. படகுக்காரன், வாய்க்காரன். முள் நிறைந்த ங்கேகே மீனைத் தட்டில் வைத்தால் தலையில் தொடங்கி வால்வரை ஒரு முள் உடையாமல் தின்று முடிப்பான். அதைப் பார்க்கவே ஆள் கூடும். பெண்டாட்டி வேலையைக் கிண்டல் செய்யாத நாள் இல்லை. முள்ளை எடுத்துவிட்டு மீன் தின்கிறவன், சட்டையைப் போட்டுக்கொண்டே குளிக்கிறவன் என்பான். படகுத்துறையே சிரிக்கும்.

அந்த வாய்தான் போன மழைக்காலத்தில் பாதி செத்தது. படகை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தவன் பக்கவாதம் வந்து அப்படியே உட்கார்ந்துவிட்டான். காலும் கையும் சில மாதத்தில் திரும்பி வந்தன. முகத்தின் இடப்பக்கம் வரவில்லை. வெளியே பார்க்கிறவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. ஆனால் அந்தப் பக்கம் வாயில் என்ன கிடக்கிறது என்று அவனுக்கே தெரியாது. அப்படி ஒரு முள் தொண்டையில் இறங்கி, ரத்தம் கக்கி, ஆஸ்பத்திரியில் குழாய் விட்டு எடுத்தார்கள். இனி முள்ளுள்ள மீனைத் தொடாதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒகோலா மீனையே விட்டுவிட்டான். அதோடு மனிதர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதையும் விட்டான். யார் வந்தாலும் இப்போதுதான் சாப்பிட்டேன் என்பான். பிறகு உள்ளறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, சோளக்களியும் கீரையும் தின்பான். எலும்பு தெரிய இளைத்தான். படகுத்துறையில் யாருக்கும் சொல்லவில்லை. என்னிடமும் அதோயோ ஒருநாள் அழுகையை அடக்க முடியாமல் சொன்னதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் ம்புத்தாச் சதை வாங்கி வந்தாள். அத்தனை வருஷம் அறுத்தாளே தவிர, அந்தச் சதையை அவள் ஒரு தடவைகூட அடுப்பில் வைத்ததில்லை. காலையிலேயே எலுமிச்சைச் சாற்றில் ஊறப்போட்டாள். பிறகு தலையும் முள்ளும் போட்டுக் கொதிக்க விடுவது போலவே தக்காளியில் நெடுநேரம் கொதிக்க விட்டாள். முள் இல்லாத சதைக்கு அதெல்லாம் தாங்குமா? கரைந்து கஞ்சியாகிவிட்டது. ஒகோலா கரண்டியால் கிளறிப் பார்த்துவிட்டு, "பால் மறக்கற குழந்தைக்குத்தானே இப்படிக் கரைச்சு ஊட்டுவாங்க? ஒரு துணியையும் எடுத்துட்டு வா, கழுத்துல கட்டி விடு" என்றானாம். தட்டைத் தள்ளிவிட்டுப் போய்விட்டான்.

நானாக இருந்தால் அந்தத் தட்டை அவன் தலையில் கவிழ்த்திருப்பேன். அவள் மறுநாள் என் கடைக்கு வந்து இன்னும் ரெண்டு எலுமிச்சை எடுத்துக்கொண்டாள்.

அப்புறம் அவள் சமைத்ததையெல்லாம் தின்றது நானும் அவள் மகள் அபோந்தியும்தான். ஒருநாள் ரப்பர் போல இருந்தது. ஒருநாள் கசந்தது. எலுமிச்சையைத் தோலோடு கொதிக்கவிட்டால் கசக்காமல் என்ன செய்யும் என்று நான்தான் கத்தினேன். கடைசியில் கை பழகிவிட்டது. சதையைத் துணியில் ஒற்றி எடுப்பாள். விரல் நுனியால் எதிர்ப்பக்கமாகத் தடவி, ஒளிந்திருக்கும் பொடிமுள்ளைப் பிடித்து இழுப்பாள். உப்பும் நசுக்கிய பூண்டும் தடவி, வாணலியில் கொத்தமல்லித் தண்டையும் வெங்காயத்தாளையும் பரப்பி, அதன்மேல் சதையை வைத்து மூடி, சிறு தீயில் கொஞ்ச நேரம். இறக்கிய பிறகுதான் எலுமிச்சை பிழிவாள். மேலே ஒரு கை கொத்தமல்லி இலை. அந்த வாசனைக்கு என் கடைக்கு வந்தவர்கள்கூட மூக்கை அந்தப் பக்கம் திருப்பினார்கள். ஒகோலா மட்டும் திரும்பவில்லை.

இந்த நிலையில் அபோந்திக்குச் சம்பந்தம் பேச வருவதாகச் சேதி வந்தது. பையன் உகென்யாப் பக்கம். அவன் அப்பா ஒபூரா பெரிய குடும்பத்து ஆள். ஏரிக்கரை வீட்டுக்கு வருகிறோம், கோழி எங்கள் வீட்டிலேயே இருக்கிறது, எங்களுக்கு மீன்தான் வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். வீட்டுக்காரன் விருந்தாளிகளோடு உட்கார்ந்து சாப்பிடாவிட்டால் விருந்தே இல்லை. ஒகோலா அன்றைக்குப் பொய்க்கு வயிற்றுவலி வைத்துக்கொள்வது என்று முடிவு செய்திருந்தான். பெண்ணின் அப்பா கை நனைக்கவில்லை என்றால் இந்தச் சம்பந்தத்தில் அவனுக்கு மனசில்லை என்றுதான் அர்த்தம் செய்வார்கள். அபோந்தி முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அதோயோ என்னிடம் வந்து, எல்லாருக்குமே முள் எடுத்த மீன்தான் வைக்கப்போகிறேன் என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சம்பந்திகளுக்குத் தலையில்லாத மீனா? தலையை விற்றுவிட்டு மிச்சத்தைப் போட்டாள் என்று உகென்யா முழுக்கச் சொல்வார்களே என்றேன். உன் புருஷனுக்கு மட்டும் முள் எடுத்துத் தனியாக வைத்துவிடு என்றேன்.

"அவர் தட்டுல மட்டும் முள்ளு இல்லேன்னா எல்லாரும் பாத்துடுவாங்கக்கா. யார் தட்டுலயும் இல்லேன்னா அது என் சமையல் லட்சணம்னு போயிடும்."

"கஞ்சப்பிசினாறின்னு உன்னைத்தான் சொல்லுவாங்க."

"சொல்லட்டும். எனக்குக் கேட்டுக் கேட்டுப் பழக்கம்தானே."

அவ்வளவுதான். அன்றைக்கு நான் கொத்தமல்லியை அவளுக்குச் சும்மாவே கொடுத்தேன்.

வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்தார்கள். நானும் அதோயோவும் சமையலறைத் திரைக்குப் பின்னால். அபோந்தி கை கழுவத் தண்ணீர் ஊற்றினாள். ஜெபம் முடிந்தது. களியும் கீரையும் மீனும் வைத்தாயிற்று. எல்லாருக்கும் முள்ளில்லாத மீன் என்று தெரிந்து ஒகோலாவும் வயிற்றுவலியைச் சொல்லாமல் வந்து உட்கார்ந்திருந்தான்; அவன் தட்டிலும் மீன் இருந்தது. அவன் களியைப் பிசைந்துகொண்டே இருந்தான், மீனைத் தொடவில்லை.

ஒபூரா தன் துண்டை எடுத்தார், முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "சம்பந்தி, உங்க ஏரியில மீனுக்குத் தலை முளைக்கிறது நின்னுபோச்சா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அது நல்ல சிரிப்புத்தான். கூட வந்த பையனின் சித்தப்பா அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை.

"தலை சந்தைக்குப் போயிருக்கும் அண்ணே. இந்த வீட்டம்மா மீன் கம்பெனியில இருந்தவங்களாச்சே. எதை எங்க அனுப்பணும்னு தெரியாதா? பொண்ணும் அம்மா மாதிரியே வளர்ந்திருந்தா, நம்ம பையன் பாடு திண்டாட்டம்தான்."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. எனக்கு ரத்தம் கொதித்தது. நான் எழுந்திருப்பதற்குள் அதோயோ திரையை விலக்கிக்கொண்டு போய்விட்டாள். போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"மன்னிச்சுக்கங்க. பழக்கதோஷம். மீனைப் பார்த்தா கை தானா முள்ளை எடுத்துடுது. அபோந்தி அப்பா அப்பவே வேணாம்னுதான் சொன்னாரு. நான்தான் கேக்கலை."

அப்படி ஒரு பொய்யை இவ்வளவு அமைதியாகச் சொல்ல முடியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. சித்தப்பாக்காரர் திருப்தியாகத் தலையாட்டினார். விஷயம் அதோடு முடிந்திருக்கும். அவள் நினைத்தபடியே பழி அவள் மேல் விழுந்து, மானம் அவன் பக்கம் நின்றிருக்கும்.

ஒகோலா களி உருண்டையைக் கீழே வைத்தான்.

"நான் அப்படிச் சொல்லலை" என்றான். அவன் பேச்சில் கொஞ்சம் குழறல் உண்டு; அன்றைக்கு அதை மறைக்கவில்லை. "அவ கை மேல தப்பு இல்ல. தப்பு என் வாய் மேல. என் வாயில பாதி செத்துப்போச்சு, சம்பந்தி. முள்ளு எங்க கிடக்குன்னு எனக்குத் தெரியாது. எனக்காகத்தான் இவ முள்ளை எடுத்தா. என் தட்டு மட்டும் தனியாத் தெரியக் கூடாதுன்னு உங்களுதையும் எடுத்தா. இப்ப நீங்க பேசினதையும் எனக்காகத்தான் வாங்கிக்கிட்டு நிக்கறா."

பிறகு மீனைப் பிட்டு வாயில் வைத்தான். வலப்பக்கம் ஒதுக்கி, மெல்ல மென்றான். எலுமிச்சைச் சாறு இடது கடைவாய் வழியாக வழிந்தது. அது வழிவது அவனுக்குத் தெரியவில்லை. அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதோயோ தன் தோள் துணியின் நுனியால் துடைத்துவிட்டாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

சித்தப்பாக்காரர் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். ஒபூரா தன் துண்டைப் பிட்டு வாயில் வைத்தார். தின்று முடித்துவிட்டு, கொத்தமல்லியை இப்படிப் போட்டு இதுவரை சாப்பிட்டதில்லை, எங்கள் வீட்டுப் பெண்களுக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்றார். சமாதானத்துக்குச் சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா தெரியாது. இரண்டாவது துண்டும் கேட்டு வாங்கினார்.

உள்ளே வந்த அதோயோ அடுப்பின் முன்னால் உட்கார்ந்து அழுதாள். எத்தனையோ வருஷமாக அவளைத் தெரியும், அவளுக்குக் கோபம் வந்து பார்த்தது அன்றுதான். "நான்தான் சுமக்கறேன்னு நின்னேனே. இவரை யாரு சொல்லச் சொன்னாங்கக்கா?" என்றாள். நான் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன். என் நாக்குக்கு அன்றைக்கு வேலை இல்லை.

கூடத்தில் எல்லாரும் சாப்பிட்டு முடித்துவிட்டார்கள். ஒகோலா பாதிகூட முடிக்கவில்லை. ஒவ்வொரு வாயும் அவனுக்கு அவ்வளவு நேரம் எடுத்தது. அபோந்தி கை கழுவச் செம்பும் தட்டமும் எடுத்துக்கொண்டு போனாள். ஒபூரா அவளை நிற்கச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, தன் ஊரில் மழை பொய்த்ததைப் பற்றியும் மாடுகளைப் பற்றியும் பேச ஆரம்பித்தார். நீளமாகப் பேசினார். அந்தச் சித்தப்பாக்காரரும் காய்ந்துபோன விரல்களோடு உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தார். ஒகோலா தன் கடைசித் துண்டை நிதானமாக மென்று விழுங்கி, தட்டைத் தள்ளிவைக்கும்வரை ஒருவரும் தண்ணீருக்குக் கை நீட்டவில்லை.