ஒரு வாய்தானே என்று நீட்டிய கிளாஸ்

கொரோனாக் கட்டுப்பாடுகள் எல்லாம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. சிட்னி டூங்கபியில், எங்கள் வீட்டுப் பின்வளவில் நடந்தது இது.

வீட்டில் பியர் காய்ச்சுவது என் பொழுதுபோக்கு. அதற்குக் கசப்பும் வாசமும் கொடுக்கிற ஹொப்ஸ் பூக்கொடியை வேலியோரம் நட்டிருந்தேன். மூன்றாவது வருடம் அது கூரை வரை ஏறிப் பூத்தது. முன்பு காய்ச்சியதில் மிஞ்சிய மோல்ட், அதாவது முளைவிட்டு வறுத்த பார்லி, நாலைந்து பைகளின் அடியில் கிடந்தது. எல்லாவற்றையும் சேர்த்துச் செம்பழுப்பு நிறத்தில் லாகர் என்கிற வகை பியர் காய்ச்ச நினைத்தேன்.

பூப் பறிக்க லிட்கமில் இருந்து என் நண்பன் வந்தான். அகதியாகப் படகில் வந்து, வில்லாவுட் தடுப்பு முகாமில் நீண்ட காலம் அடைபட்டுக் கிடந்தவன். அப்போது ஒரு கிடங்கில் பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான். மனைவி, ஒரு மகள். முகாமிலிருந்து வெளியே வந்த புதிதில் கண்மண் தெரியாமல் குடித்தான், பிறகு அடியோடு விட்டுவிட்டான் என்று கேள்விப்பட்டிருந்தேன். அவன் குடித்த காலத்தில் நான் மெல்பேர்னில் இருந்ததால் கண்ணால் பார்த்ததில்லை. அதை ஒரு முடிந்த கதையாகவே நினைத்தேன்.

அரை நாள் கதைத்துக்கொண்டே பறித்தோம். மோல்ட்டைக் கொதிக்க வைத்தபோது மட்டும், அந்த வாசத்துக்குத் தலையிடிக்கிறது என்று வீட்டு முன்பக்கம் போய் நின்றுவிட்டான். நான் கேலி செய்தேன்.

லாகர் குளிரில் கிடந்து பதமாக வேண்டும். கராஜில் இருந்த பழைய பிரிட்ஜில் இரண்டு மாதம் வைத்திருந்துவிட்டு, ஒரு ஞாயிறு மதியம் அவன் குடும்பத்தோடு சேர்த்து நாலைந்து குடும்பங்களைச் சாப்பாட்டுக்கு அழைத்தேன். பியர் நன்றாகத் தெளிந்து, பால் விடாத தேநீர் மாதிரி இருந்தது. குடித்தவர்கள் எல்லோரும் புகழ்ந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு கிளாஸை நிரப்பிக்கொண்டு அவனிடம் போனேன்.

"எனக்கு வேண்டாம் மச்சான்" என்றான், மெதுவாக.

அதோடு விட்டிருக்கலாம். நாலு பேருக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னேன்: "நீ பறிச்ச பூவில காய்ச்சினது. ஒரு வாய் குடிச்சாச் செத்துப்போவியோ?"

எல்லோரும் சிரித்தார்கள். அவன் மனைவி உள்ளே குசினியில் சமையலுக்கு உதவிக்கொண்டு நின்றார். அவன் அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, கிளாஸை வாங்கி, வாயிலிருந்து எடுக்காமல் முழுவதையும் குடித்தான். நன்றாக வந்திருக்கிறது என்றான். போகும்போது மனைவிக்குத் தெரியாமல் இரண்டு போத்தல் கேட்டான். அதையும் பெருமையாக எடுத்துக்கொண்டு கொடுத்தேன்.

மூன்றாவது வாரம் அவன் மனைவி எனக்குப் போன் எடுத்தார். காலை வேலைக்குப் போனவனை, குடித்திருக்கிறானா என்று கருவியில் ஊதச் சொல்லிப் பார்த்ததில் பிடிபட்டு, வேலை போய்விட்டதாம். அவர் அழவில்லை.

"நாலு வருசம் அண்ணா. ஒவ்வொரு நாளா எண்ணிக் கடந்த மனுசன். உங்கட வீட்டில சாப்பிட வந்த இடத்தில எல்லாம் முடிஞ்சுது."

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுக்கும் முன் போனை வைத்துவிட்டார். அன்று பின்னேரமே லிட்கமுக்குப் போனேன். சவரம் செய்யாத முகத்தோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் போகும்போதே வாடை அடித்தது. நான் ஏதோ சொல்லத் தொடங்க, கையைக் காட்டி நிறுத்தினான்.

"நீ என்ர வாயில ஊத்தேல்லை மச்சான். நான்தான் குடிச்சனான்."

அடுத்த மாதம் அவன் மனைவி மகளோடு மெல்பேர்னில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். அவன் சிகிச்சைக்குப் போய்ப் பாதியில் ஓடிவந்து, மறுபடி போனான். இப்போது ஒரு அறையில் வாடகைக்கு இருக்கிறான். சில மாதங்களாகத் தொடவில்லை என்கிறார்கள். மனைவியும் மகளும் திரும்பி வரவில்லை. நான் அந்த ஹொப்ஸ் கொடியைப் போன் வந்த வாரமே வேரோடு பிடுங்கினேன், காய்ச்சுவதையும் விட்டேன். அதனால் யாருக்கும் ஒரு நன்மையும் ஆகவில்லை. கோயிலில் கண்டால் என் பிள்ளைகளைச் சுகம் விசாரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறான். வீட்டுக்கு வா என்று கூப்பிட எனக்கும் வாய் வருவதில்லை.

அவன் ஒருநாளாவது என்னை ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவன் ஏசாததால், ஒரு பாராட்டுக்கு ஆசைப்பட்டு ஒரு மனிதனின் நாலு வருடத்தை உடைத்தவன் நான் என்பதை எனக்கு நானேதான் இன்றும் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.