அரசாங்க லைனில் போன கிணறு

இருட்டிய பிறகு, ஆளில்லாத கட்டடத்தில், எலியும் பிரஷர் குக்கரும் சண்டை போடுவதுபோல் ஒரு சத்தம் கேட்டால் எழுந்து ஓடாமல் உட்கார்ந்திருப்பதுதான் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் வேலை. டெலிபோன் வழியாகக் கம்ப்யூட்டர்களைப் பேசவைக்கும் மோடத்தோடு மல்லுக்கட்டிக் கடைசி பஸ்ஸைக் கோட்டைவிட்ட சகோதரிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என் பெண் பாப்பா தூங்கிவிட்டாள், மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் நாள்

தாம்பரத்தில் எங்களுடையது அரசாங்கப் பணத்தில் நடக்கும் ஆராய்ச்சி நிலையம். இந்தத் தொண்ணூறுகளில்தான் அங்கே ஈமெயில் வந்தது. இருந்ததோ ஒரே டெலிபோன் லைன். ஆபீஸ் மூடிய பிறகுதான் என் கைக்கு வரும். எல்லாருடைய கடிதங்களையும் ஃபிளாப்பியில் வாங்கி மொத்தமாக அனுப்புவேன். வந்திருப்பதை இறக்கி, அச்சடித்து, அவரவர் பெட்டியில் போடுவேன்.

முதல் நாள் மோடம் கத்தியதும் வராந்தாவுக்கு ஓடிவிட்டேன். கான்வென்ட்டில் படித்தவளாதலால் வாயில் ஜெபம் வேறு. வாட்ச்மேன் சிரிக்கவில்லை. "பயப்படாதம்மா, அது மெட்ராஸோட பேசிக்கினு கீது. பேசி முடிச்சா தானா அடங்கிடும்."

எது ஆராய்ச்சி?

அதன் பிறகும் கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டுதான் டயல் செய்வேன். 'கல்வி, ஆராய்ச்சிக்கு மட்டும்' என்று சுவரில் ஒட்டியிருந்தது. மூத்த விஞ்ஞானி ஒருவர் மகளின் ஜாதகத்தை அமெரிக்காவுக்கு அனுப்பச் சொன்னார். நான் சுவரைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். "கிரகமெல்லாம் சயின்ஸ்தானேம்மா, அனுப்பு."

வற்றிய தெரு

நாங்கள் இருந்தது ராஜகீழ்ப்பாக்கத்தில். பக்கத்து மனையில் ஒரு லாரி முதலாளியின் ஆட்கள் போர்வெல் போட்டு, லாரி லாரியாகத் தண்ணீர் எடுத்து விற்றார்கள். எங்கள் தெருக் கிணறுகள் ஒவ்வொன்றாக வற்றின. மனுக்களுக்குப் பதில் இல்லை. கான்வென்ட் ஆங்கிலம் அன்றுதான் உபயோகப்பட்டது: தெருப் பெண்கள் எல்லார் பெயரையும் போட்டு, நிலவரத்தை டைப் அடித்து, நிலத்தடி நீர் நிபுணர்களுக்கு அரசாங்க லைனிலேயே அனுப்பினேன். 'கலெக்டருக்கு எழுதுங்கள்' என்று கேட்டிருந்தேன். என் பெண்ணைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு மேரி அக்காவுக்கு நம்பிக்கையே இல்லை. "பைப்புல வராத தண்ணி, போன் கம்பியில வரப்போகுதாக்கும்."

விசாரிப்பு

தண்ணீர் வரவில்லை. ஆனால் கலெக்டர் ஆபீசுக்குக் கடிதங்கள் குவிந்து, விசாரணைக்கு நாள் குறித்தார்கள். அந்த வாரமே லாரி முதலாளியின் ஆள் ஒருவன் மேரி அக்கா வாசலில் நின்று என் பெண்ணுக்கு பிஸ்கட் கொடுத்துக்கொண்டிருந்தான். என் கணவருக்கு வடக்கே வேலை. பாப்பாவை வாரித் தூக்கிக்கொண்டேன். அவன் சிரித்தபடியேதான் பேசினான். "டெய்லி இருட்டிட்டு வர்றியேக்கா, கொயந்த தனியா கீதே, உனுக்கு பேஜாரா இல்ல?"

மறுநாளிலிருந்து அவளையும் ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

டைரக்டர் அறையில்

விசாரணைக்கு முதல் நாள் டைரக்டர் கூப்பிட்டார். அரசாங்க நெட்வொர்க்கில் அரசியல் பண்ணினேனாம். நாளைக் காலை கம்ப்யூட்டர் அறைச் சாவியைக் கொடுத்துவிட வேண்டுமாம். தற்காலிக வேலையில் இருப்பவளுக்கு அதன் அர்த்தம் தெரியாதா? "மக்கள் பணத்துல ஓடுற லைன் சார், மக்கள் கிணத்துக்கு ஆகாதா? ஜாதகம் மட்டும் போகுதே" என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். "ஜாதகத்துக்காக எவனும் எனக்கு போன் பண்ணலையேம்மா."

கடைசி லைன்

விசாரணையில் காட்ட நிபுணர்கள் அனுப்பிய பதில்கள் அன்று மாலைதான் இறங்க வேண்டும். பாப்பா மேஜைக்கடியில் துப்பட்டா விரித்துத் தூங்கினாள். மோடம் கத்தி அடங்கி, முதல் கடிதம் வரத் தொடங்கியபோது வராந்தாவில் ஹெட் கிளார்க்கின் செருப்புச் சத்தம். "லைனைக் கட் பண்ணுங்க மேடம். சாவி இப்பவே வேணுமாம், டைரக்டர் சொல்லிட்டார்."

அரசாங்கம் கொடுத்த லைனைப் போலவே அரசாங்கம் கொடுத்த தாழ்ப்பாளும் பொதுக்காரியத்துக்குத்தான் என்று, அத்தனை நாளும் திறந்தே வைத்திருந்த கதவைச் சாத்தி உள்ளே தாழ்ப்பாள் போட்டேன்.