ஐந்து பனியன், ஒன்பது பேர்

1. திரையில் மூன்றே பேர்

செமிஃபைனலில் மூன்றாவது குவார்ட்டர் முடிந்தபோது, திரையில் எங்கள் டீமில் மூன்றே பேர் நின்றுகொண்டிருந்தார்கள். எதிர் டீமில் ஐந்து பேர். ஹால் முழுக்கப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முப்பத்தெட்டு வருஷம் பேஸ்கெட்பால் கோர்ட்டிலேயே காலம் தள்ளியவள் நான். மூன்று பேர் ஆடி ஒரு மேட்ச் நான் பார்த்ததே கிடையாது.

விஷயத்தை முதலிலிருந்து சொல்கிறேன். சித்தூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் பிசிக்கல் டைரக்டராக இருந்து ஓய்வு பெற்றேன். பி.டி. மேடம் என்றால் தெரியும், மூக்குக்கு மேல் கோபம் வரும் மேடம் என்றால் இன்னும் நன்றாகத் தெரியும். கல்லூரிக்கு இது பொன்விழா வருஷம். கம்ப்யூட்டர் டிபார்ட்மென்ட் லெக்சரர் ஹாரிகா என்னைத் தேடி வீட்டுக்கே வந்தாள். நாம் கப் வாங்கிய நான்கு டீம்களை எடுத்து, கம்ப்யூட்டரில் ஒன்றோடொன்று மோதவிடலாம் என்றாள். நாற்பது வருஷத்துக்கு முந்தைய டீமும் போன வருஷத்து டீமும் ஒரே கோர்ட்டில் ஆடும். எது பெரிய டீம் என்று தெரிந்துவிடும்.

"உங்க ஸ்கோர் புக் எல்லாம் குடுங்க மேடம், சாலு, அது போதும். மிச்சம் நான் பாத்துக்கறேன்" என்றாள்.

கொடுத்தேன். பெருமையாகவே கொடுத்தேன். என் ஸ்கோர் ஷீட்டில் ஓர் அடித்தல் திருத்தல் இருக்காது. யார் எத்தனை பாயிண்ட், யாருக்கு எத்தனாவது நிமிஷத்தில் ஃபவுல், எல்லாம் முத்து முத்தாக இருக்கும். அந்தக் காலத்தில் எங்களுக்கு இருபது நிமிஷம் இரண்டு பாதிதான், மூன்று பாயிண்ட் கோடு எங்கள் கிரவுண்டில் போடவே இல்லை. "எல்லாருக்கும் இப்ப இருக்கற ரூல்ஸ்தான் மேடம்" என்று ஹாரிகா சொல்லிவிட்டாள். போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

விழா அன்று காலை பதினொரு மணிக்குப் பெரிய திரையில் ஆட்டம் தொடங்கியது. நம்பர் போட்ட பொம்மைகள் ஓடின, எம்பின, கூடையில் போட்டன. பாதி ஆட்டம் வரை எங்கள் முதல் கப் டீம் ஆறு பாயிண்ட் முன்னால் இருந்தது. நான் சீட்டின் நுனியில் இருந்தேன். திடீரென்று எங்கள் ஏழாம் நம்பருக்கு ஐந்தாவது ஃபவுல். பஸர் அடித்தது. பொம்மை தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே போயிற்று. அதற்குப் பதிலாக யாரும் உள்ளே வரவில்லை. அடுத்து ஐந்தாம் நம்பரும் போயிற்று. அதற்கும் யாரும் வரவில்லை.

எழுந்து நேராக ஹாரிகாவிடம் போனேன். "ஏம்மா, சப்ஸ்டிட்யூட்டை ஏன் இறக்கலை? என் டீம்னா உனக்கு இளக்காரமா?"

அவள் பயந்துவிட்டாள். "யாரை இறக்கறது மேடம்? அந்த டீம்ல அஞ்சே பேருதான இருக்காங்க. உங்க புக்ல அப்பிடித்தான் இருக்கு. ஏழாம் நம்பர் எல்லா மேட்ச்லயும் ஃபுல் டைம் ஆடியிருக்காங்க, ஒரு நிமிஷம்கூட உக்காரலை. டயர்ட் ஆயி ஃபவுல் பண்றாங்க, வெளிய போறாங்க. சிஸ்டம் கரெக்ட்டாதான் பண்ணுது."

அப்போதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பனியன்! அடிப் பாவி, நாற்பது வருஷத்துக்கு முன் நீ செய்த வேலையா இது என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

2. வேலையில் சேர்ந்த நாள்

பி.பி.எட். முடித்துவிட்டு, பாலசமுத்திரத்திலிருந்து பஸ் ஏறி வந்து நான் வேலையில் சேர்ந்த அன்றைக்கே எங்கள் கிரவுண்டில் பெண்கள் கல்லூரிகளுக்கான டோர்னமென்ட் தொடங்கியது. ரிஜிஸ்டரில் போட்ட கையெழுத்தின் மை காயவில்லை, ஸ்கோர் டேபிளில் உட்கார வைத்துவிட்டார்கள்.

எங்கள் டீமில் ஒன்பது பெண்கள். பனியன் ஐந்து. நாலு முதல் எட்டு வரை நம்பர் தைத்தது. ஆபீஸ் சூப்பரின்டெண்டன்ட் ஐந்துக்குத்தான் சாங்ஷன் கொடுத்திருந்தார். போய்க் கேட்டேன். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"கிரவுண்ட்ல எத்தினி பேரும்மா ஆடறாங்க?"

"அஞ்சு பேர் சார். ஆனா..."

"அப்ப அஞ்சு பனியன். மிச்சம் நாலு பேரு ஓரமா உக்காந்துக்கினுதான இருக்காங்க? உக்கார்றதுக்கு எதுக்கும்மா நம்பரு?"

வந்த அன்றைக்கே மேலதிகாரியிடம் சண்டை போட எனக்கு வாய் வரவில்லை. அந்த வாயெல்லாம் பிறகு வந்தது.

அவை வெள்ளைச் சட்டைக்கு மேல் போட்டுக்கொள்கிற கையில்லாத பனியன்கள். உள்ளே ஆடுகிறவள் களைத்துப்போனால் கோட்டோரம் வந்து கழற்றுவாள். வெளியே இருப்பவள் அதை வாங்கி மாட்டிக்கொண்டு உள்ளே ஓடுவாள். வேர்வையில் தொப்பலாக நனைந்த துணி தலையில் சிக்கிக்கொள்ளும். மற்றவர்கள் பிடித்து இழுத்துவிடுவார்கள். முதல் தடவை இதைப் பார்த்ததும் நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு திருதிருவென்று விழித்தேன். ஸ்கோர் ஷீட்டில் ஒரு நம்பருக்கு எதிரே ஒரு பெயர்தான் எழுத முடியும். ரெஃபரியைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"ஏழு வெளிய போச்சு, ஏழு உள்ள வந்துச்சு. நம்பர் மாறலியே. நீ எழுதறதுக்கு இதுல இன்னாம்மா இருக்கு?" என்றார் அவர்.

எதிர் டீமின் மேனேஜர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அவர் பெண்களுக்குக் காகிதத்தில் நம்பர் எழுதிக் குத்தியிருந்தது. அவரும் வாயைத் திறக்கவில்லை. நானும் எழுதவில்லை.

இந்த ஏழாம் நம்பரில் இரண்டு பேர். கேப்டன் பிரமீளா, கூடையைப் பார்க்காமலே போடுவாள். ஆனால் பத்து நிமிஷம் ஓடினால் மூச்சு இரைக்கும். அவள் உட்கார வந்ததும் பனியனை மாட்டிக்கொண்டு போகிறவள் கஸ்தூரி, நகரியில் பவர்லூம் ஓட்டுகிற வீட்டுப் பெண். கஸ்தூரி பெரிய ஆட்டக்காரி இல்லை. அவள் ஒரு கூடை போட்டதாகக்கூட எனக்கு நினைவில்லை. அவள் வேலை ஓடுவது. பிரமீளாவுக்கு மூச்சு திரும்புகிற வரைக்கும் எதிர் டீமை விடாமல் விரட்டிக்கொண்டே இருப்பாள்.

ஒரு கஷ்டம் இருந்தது. ஐந்து ஃபவுல் ஆனால் வெளியே போக வேண்டும். இரண்டு பேருக்கும் நம்பர் ஒன்று என்பதால், அந்த ஐந்தும் இரண்டு பேருக்கும் பொது. ஒவ்வொரு தடவையும் பனியனைக் கொடுக்கும்போது பிரமீளா சொல்லி அனுப்புவாள்.

"ஏய் கஸ்தூரி, யாரு மேலயும் கைய வெச்சிடாத. நீ ஃபவுல் பண்ணா என் பேர்ல ஏறும்."

கஸ்தூரி அந்த டோர்னமென்ட் முழுக்கக் கையை உடம்போடு ஒட்ட வைத்துக்கொண்டே ஓடினாள். இடித்தாலும் வாங்கிக்கொள்வாள், திருப்பி இடிக்க மாட்டாள். கப் வாங்கினோம். சர்டிஃபிகேட் என் ஸ்கோர் புக்கைப் பார்த்து எழுதினார்கள், ஐந்து பேருக்கு. போட்டோவிலும் பனியன் போட்ட ஐந்து பேர்தான் நின்றார்கள்.

3. கல்லில் எழுதப்போகிற பெயர்கள்

இவ்வளவும் ஞாபகம் வந்து நான் திரும்பிப் பார்த்தால், நாலாவது வரிசையில் கஸ்தூரி உட்கார்ந்திருந்தாள். நான்தான் போன் செய்து கூப்பிட்டிருந்தேன். இப்போது திருச்சானூரில் கோயில் பக்கம் குங்குமக் கடை வைத்திருக்கிறாள். மருமகள் ரேகாவையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். காலையில் வாசலிலேயே ரேகா என்னிடம் சொன்னாள்: "நான் கல்யாணம் ஆயி வந்ததுலேர்ந்து கேட்டுக்கினு இருக்கேன் மேடம், அத்தை கப் வாங்கின கதைய. ஒரு போட்டோ காட்டுங்கன்னா காட்ட மாட்றாங்க. இன்னைக்குத்தான் நேர்ல பாக்கப் போறேன்." கஸ்தூரி சிரித்துக்கொண்டு நின்றாள். காலையில் ஒன்றும் துன்னாமலே கிளம்பிவிட்டதாகச் சொன்னாள்.

இப்போது கஸ்தூரி என்னைப் பார்த்தாள். நான் சட்டென்று போனை எடுத்துப் பார்ப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டேன். வெட்கக்கேடு, ஆனால் அதைத்தான் செய்தேன்.

செமிஃபைனலில் நாற்பது பாயிண்டுக்கு மேல் தோற்றோம். ஃபைனலுக்கு முன்னால் பிரின்சிபால் மேடம் மைக்கைப் பிடித்தார். நான்கு டீம்களின் பெயர்களையும் கிரானைட் கல்லில் செதுக்கி விளையாட்டு அரங்க வாசலில் வைக்கப்போகிறோம் என்றார். கல் தயார், லிஸ்ட் இன்று சாயங்காலம் செதுக்குகிறவருக்குப் போகிறது. அந்த லிஸ்டும் என் ஸ்கோர் புக்கிலிருந்து எடுத்ததுதான். முதல் கப் டீமின் பெயர்களைப் படித்தார். ஐந்து பெயர். முடிந்தது.

ரேகா மெதுவாகத்தான் கேட்டாள். ஆனாலும் எனக்குக் கேட்டது. "அத்தை, உங்க பேரு சொல்லவேயில்லியே?"

"பிரிண்டிங்ல உட்டுட்டாங்க போலக்கீது. பேசாம இரும்மா" என்றாள் கஸ்தூரி.

என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. மருமகள் முகத்தைப் பார்க்காமல் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். எழுந்து மேடைக்குப் போய் மைக்கைக் கேட்டேன்.

விஷயத்தை முணுமுணுவென்று சொன்னதும் பிரின்சிபால் முகம் வெளுத்துவிட்டது. "மேடம், ப்ரெஸ்காரங்க இருக்காங்க. பனியன் மாத்தி ஆடினாங்கன்னா அந்தக் கப்பே தப்புன்னு எழுதிடுவாங்க. பொன்விழா டைம்ல இது தேவையா?"

"கப் தப்புன்னா திருப்பிக் குடுத்துடுங்க. அந்தப் பொண்ணுங்க ஓடினது தப்பில்லை."

மைக்கில் எல்லாவற்றையும் சொன்னேன். சூப்பரின்டெண்டன்ட் கேட்ட கேள்வி, ரெஃபரி சொன்ன பதில், நான் எழுதாமல் விட்டது. பிறகு நான்கு பெயர்களையும் சொன்னேன். கஸ்தூரி, தனலட்சுமி, ஷகீலா, லீலாவதி. ஷகீலா போய்ச் சேர்ந்து பத்து வருஷம் ஆகிறது.

பிரின்சிபால் லிஸ்டைக் கையில் வைத்துக்கொண்டு தவித்தார். கடைசியில், "கல்லுல எடம் பத்தாது மேடம், சைஸ் எல்லாம் ஃபிக்ஸ் ஆயிடுச்சு" என்றார்.

லிஸ்டை வாங்கிப் பார்த்தேன். அடியில் என் பெயரும் என் சர்வீஸும் பெரிய எழுத்தில் இரண்டு வரி பிடித்திருந்தன. அடித்துவிட்டு அந்த இடத்தில் நான்கு பெயரையும் எழுதினேன். என் கையால் நான் செய்த முதல் அடித்தல் அதுதான்.

4. பத்து போடும்மா

ஹாரிகா கெட்டிக்காரி. "அந்த செமிஃபைனலை மறுபடி ஓட்டலாம் மேடம். ஒம்பது பேர் வெச்சு" என்றாள். நான்கு பேருக்கும் புத்தகத்தில் ஒன்றும் இல்லையே, எந்தக் கணக்கைப் போடுவது? மற்ற மூன்று பேருக்கு நான் ஞாபகத்திலிருந்து சொன்னேன். கஸ்தூரியை மட்டும் மேடைக்கே கூப்பிட்டாள். நம்பர் பன்னிரண்டு என்று கொடுத்துவிட்டு, ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"கூடையில போடறது, பத்துக்கு எவ்ளோ ஆண்ட்டி?"

"ஒண்ணு போடு. அதுகூட ஜாஸ்தி."

"ஓடறது?"

"பத்து" என்றேன் நான்.

"அக்ரெஷன்? அப்பிடின்னா, மேல விழுந்து முரட்டுத்தனமா ஆடறது."

கஸ்தூரி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "பத்து போடும்மா."

நான் குறுக்கிட்டேன். "கஸ்தூரி, நீ யாரையும் தொட்டதேயில்லியே."

"தொட உட்டீங்களா மேடம்? எங்க நைனா தறிய எட்டு மணி நேரம் தனியா ஓட்டின கையி இது. பத்து போடச் சொல்லுங்க."

ஆட்டம் ஓடியது. பன்னிரண்டாம் நம்பர் உள்ளே இறங்கிய முதல் நிமிஷத்திலேயே ஒரு பொம்மையை இடித்துத் தள்ளியது. ஃபவுல். அடுத்த நிமிஷம் இன்னொன்று. ஹாலில் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். மூன்று. நான்கு. மூன்றாவது குவார்ட்டரில் பந்தை விட்டுவிட்டு ஆளைப் பிடித்தது பாருங்கள், ஐந்தாவது! பஸர் அடித்தது. பன்னிரண்டு வெளியே போயிற்று. தனலட்சுமியின் நம்பர் உள்ளே வந்தது. பிரமீளாவின் ஏழாம் நம்பர் மூன்றே ஃபவுலோடு கடைசி வரை நின்று ஆடியது. நாலு பாயிண்டில் தோற்றோம். தோற்றது யாருக்கும் ஞாபகம் இல்லை.

கஸ்தூரி மேடையிலேயே கைதட்டிக்கொண்டு குதித்தாள். அறுபதைத் தொடப்போகிறவள். "பாத்தியாடி ரேகா? அஞ்சு ஃபவுலு! எனக்கே எனக்குன்னு அஞ்சு!"

ரேகா கண்ணைத் துடைத்துக்கொண்டே விசில் அடித்தாள். அந்தப் பெண்ணுக்கு விசில் அடிக்க வரும் என்பது கஸ்தூரிக்கே அன்றைக்குத்தான் தெரிந்ததாம்.

இப்போது ஸ்கோர் டேபிளில் உட்காருகிற பெண்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஆள் மாறினால் எழுதுங்கள். ரெஃபரி வேண்டாம் என்றாலும், கட்டம் இல்லை என்றாலும், ஓரத்தில் பென்சிலாலாவது எழுதி வையுங்கள். நான் எழுதாத நான்கு பெயரைத் தேடி எடுக்க நாற்பது வருஷமும் ஒரு கம்ப்யூட்டரும் தேவைப்பட்டன. அப்போதும் ஒருத்தியால் வந்து பார்க்க முடியவில்லை.

போன வாரம் திருச்சானூர் போயிருந்தேன். கஸ்தூரி கடைக்குள் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தாள். நான் பையிலிருந்து பழைய ஸ்கோர் புக்கை எடுத்து, கடைசியில் மிச்சம் இருந்த வெற்று ஷீட் ஒன்றைப் பிரித்தேன். பெயர், கஸ்தூரி. நம்பர், பன்னிரண்டு. பாயிண்ட், பூஜ்யம். ஃபவுல் கட்டங்கள் ஐந்திலும் பர்சனல் ஃபவுலுக்கு உரிய பி, பி, பி, பி, பி என்று எழுதிக் கீழே ஸ்கோரர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டுக் கிழித்துக் கொடுத்தேன். குங்குமம் வாங்க வந்த ஒரு அம்மா அது என்ன என்று எட்டிப் பார்த்தாள்.

"எங்க அத்தை பேஸ்கெட்பால்ல அஞ்சு ஃபவுல் பண்ணி வெளிய வந்தவங்க" என்றாள் ரேகா.