யார் முதல் கையெழுத்து?

எங்கள் சித்தப்பா அரசாங்க பியூன். ஒரு அரசாங்கத்துக்கு இல்லை, இரண்டுக்கு. எங்கள் தீவை ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் சேர்ந்தே ஆண்டார்கள். மற்றவனுக்கு விட்டுக்கொடுக்க மனமில்லாமல் வந்த கூட்டு அது. போலீஸ் இரண்டு, சிறை இரண்டு, வீம்புக்கு மட்டும் கணக்கில்லை.

எந்த உத்தரவிலும் இரண்டு துரைகளும் கையெழுத்திட வேண்டும். இரண்டாவதாகப் போட்டால் கௌரவம் போய்விடுமென்று ஒருவரும் பேனாவைத் தொடமாட்டார்கள். சித்தப்பா எப்போதும் இரண்டு பிரதி எடுத்துப் போவார். ஒன்றில் இவர் முதல், மற்றதில் அவர் முதல். இரண்டு பக்கமும் இடி வாங்கியதால் ஊரில் அவர் பெயர் மத்தளம்.

சித்திக்கு இரண்டு கண்ணிலும் புரை முற்றி அழுத்தம் ஏறியது. வெளிநாட்டில் அறுவை செய்தால் இரண்டு கண்ணும் பிழைக்கும், செலவை ஆஸ்பத்திரியே பார்த்துக்கொள்ளும் என்றார் டாக்டர். பாஸ்போர்ட்தான் வேண்டும்.

சித்தப்பா வழக்கம்போல் இரண்டு பிரதியோடு போனார். உன் மனைவி எங்கள் பிரஜை இல்லையே என்றார் ஆங்கிலேய துரை. பிரெஞ்சு துரையும் அதையேதான் சொன்னார், குடிக்கக் காப்பி கொடுத்துச் சொன்னார். அந்த மண்ணிலேயே பிறந்த நாங்கள் எந்த நாட்டுக்காரரும் இல்லையாம்.

அதன்பிறகு சித்தப்பா சுதந்திரக் கூட்டங்களுக்குப் போக ஆரம்பித்தார். மேடை ஏறமாட்டார். பெஞ்சு தூக்கிப் போடுவார், எப்போது கிடைக்கும் என்று மட்டும் கேட்பார். சுதந்திரம் என்ன பஸ்ஸா, நேரம் சொல்ல என்று கிண்டலடித்தார்கள். அவர் அவசரம் அவருக்கு. கடைசியில் சுதந்திரம் தருவதென்று முடிவானபின், எந்தத் தேதியில் கிளம்புவது என்பதில் துரைகள் இருவரும் ஒரு வருஷம் சண்டை போட்டார்கள். அந்த வருஷத்தில் சித்தியின் இடது கண் போயிற்று.

சுதந்திரம் வந்த மூன்றாவது வாரம் பாஸ்போர்ட் கைக்கு வந்தது. வெளிநாட்டில் வலது கண்ணைக் காப்பாற்றிவிட்டார்கள். ஒரு வருஷம் முந்தி வந்திருந்தால் இரண்டுமே தப்பியிருக்கும் என்று அங்கே சொன்னதைச் சித்தப்பா சித்தியிடம் மறைக்கத்தான் பார்த்தார். வீட்டுக்கு வந்து சித்தியின் கண்கட்டைப் பிரித்த அன்று கட்டிலில் உட்கார்ந்து, அடக்கமாட்டாமல் அழுதபடி சொல்லிவிட்டார்.

சித்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஒரு கண்ணு அவங்க சண்டைக்குப் போச்சு. இது நம்ம நாடு காப்பாத்திக் கொடுத்தது. முகத்தைத் தொடைங்க, நாலு வருஷம் கழிச்சு இன்னிக்குத்தான் தெளிவாப் பாக்கறேன்."