இரண்டு நாள் கழித்துச் சுட்ட வெயில்

முதலில் வந்தது எரிச்சல்கூட இல்லை, ஒரு கதகதப்புதான். சாமந்தித் தோட்டத்தில் பூப் பறித்துவிட்டு வந்த மறுநாள் மாலை, கழுத்தில் யாரோ சூடான துணியை வைத்து எடுத்ததுபோல இருந்தது. வெயில் பட்டிருக்கும் என்று முகத்தைக் கழுவிக்கொண்டு படுத்தேன். விடிந்தபோது இடது கண்ணைத் திறக்க முடியவில்லை. தொட்டுப் பார்த்தால் நெற்றியிலும் கன்னத்திலும் நீர் கோத்த கொப்புளங்கள்.

வீட்டில் செய்த ஏதோ ஒன்றைப் பூசி, முகம் வெந்துபோய்ப் படுத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆறுதல் சொல்வதற்காக அல்ல. அதற்கு நிறையப் பேர் வருவார்கள். வலி ஒரு பக்கம் இருக்க, ஒரு ஆளைப் பிடித்து உலுக்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றிக்கொண்டே இருக்கும். அந்த நினைப்பே பாவம் என்பார்கள். எனக்கும் தோன்றியது. நான் அதை விடவில்லை.

காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஒரே வீட்டில் நானும் என் கணவர் முருகேசனும், அவருடைய தம்பியும் தம்பி மனைவி ரேவதியும், மாமியாரும் இருக்கிறோம். எல்லோருக்கும் ஒரே அடுப்பு. நான் தோட்டத்துக்குப் போவேன், ரேவதி வீட்டைப் பார்த்துக்கொள்வாள். போனில் வீடியோ பார்த்து சோப்பு, குளியல் பொடி எல்லாம் செய்து வாட்ஸ்அப்பில் விற்பாள். கெட்டிக்காரி. இப்போதும் அதை மறுக்கமாட்டேன்.

அந்தக் கோடையில் அவள் வெயில் கிரீம் செய்யத் தொடங்கினாள். தேங்காய் எண்ணெய், கற்றாழை, தேன்மெழுகு, எலுமிச்சைச் சாறு. இவற்றோடு கார்போக அரிசி. பேர்தான் அரிசி, நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கறுத்த விதை அது. எங்கள் பக்கத்தில் குளியல் பொடி அரைக்கும்போது அதைச் சேர்க்காத வீடு குறைவு. தேய்த்த கையோடு கழுவிவிடுகிற பொடியே தோலுக்கு இவ்வளவு நல்லது செய்தால், கழுவாமல் விட்டால் இன்னும் எவ்வளவு நல்லது என்று அவள் கணக்குப் போட்டாள். விதையை இடித்து எண்ணெயில் ஊறவைத்து, அந்த எண்ணெயைத்தான் கிரீமாக்கினாள். டப்பாவின் மேல் ‘நிழல்’ என்று பெயர் ஒட்டினாள்.

“அக்கா, மொத டப்பா உங்களுக்குத்தான். வெயில்ல போறவங்க நீங்கதானே. ஒரு வாரம் போட்டுட்டு எப்படி இருக்குன்னு சொல்லுங்க” என்றாள்.

எனக்கும் ஆசைதான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ‘கறுப்பி’ என்ற கேலியைக் கேட்டவள் நான். வழித்து எடுத்து நெற்றி, கன்னம், கழுத்து என்று தாராளமாகவே பூசிக்கொண்டு பூப் பறிக்கப் போனேன். உச்சி வெயில் வரை நிரையில் நின்றேன். வீட்டுக்கு வந்து கண்ணாடி பார்த்தேன், ஒன்றுமே ஆகவில்லை. “நல்லாத்தான் இருக்கு ரேவதி” என்றுகூடச் சொன்னேன். அதன் பிறகு வந்ததைத்தான் மேலே சொன்னேன்.

அன்று காலை என் முகத்தை முதலில் பார்த்தவள் ரேவதி. கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தாள். பிறகு உள்ளே திரும்பிக் கூவினாள்.

“அத்தை, இங்க வாங்க! அக்காவுக்கு ஆத்தா வந்திருக்காங்க!”

அம்மை என்று சொல்லிவிட்டால் எங்கள் வீட்டில் அதற்குமேல் பேச்சு கிடையாது. வாசலில் வேப்பிலை செருகப்பட்டது. அடுப்பில் தாளிப்பு நின்றது. மருந்து வைத்தால் ஆத்தா கோபித்துக்கொள்வாள் என்று மாத்திரை, களிம்பு எதையும் அண்டவிடவில்லை. கடைசி அறையில் வேப்பிலைமேல் படுக்கவைத்தார்கள். முருகேசன் ஓசூருக்கு வேலையாகப் போயிருந்தார். போனில் அழைத்தபோது மாமியாரே எடுத்து, “நீ வந்து என்னா பண்ணப்போற, ஆத்தா எறங்கட்டும்” என்று வைத்துவிட்டார்.

நான் சொல்லிப் பார்த்தேன். “அத்தை, அந்தக் கிரீமு பூசுனதுக்கு அப்புறந்தான் இப்படி ஆச்சு.”

“ஆத்தா வந்த நேரத்துல கண்டதும் பேசாத சாந்தி. கன்னத்துல போட்டுக்க” என்றார் மாமியார்.

டப்பாவை எடுத்துக் காட்டலாம் என்று ஒற்றைக் கண்ணோடு தடவித் தடவி என் அலமாரிக்குப் போனேன். டப்பா அங்கே இல்லை.

நான் அதை எடுக்கவில்லை. மாமியார் அந்த அறைப்பக்கம் போகமாட்டார். மிச்சம் யார்? கிரீம் சுட்டதை நான் மன்னித்திருக்கலாம். தெரியாமல் செய்தாள், என்னிடம் வந்து ‘அக்கா, தப்பாப் போச்சு’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். காலி அலமாரியைப் பார்த்த பிறகுதான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

பிறகு தண்ணீர் ஊற்றினார்கள். எங்கள் வழக்கத்தில் வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரை வெயிலில் வைத்துத்தான் சூடேற்ற வேண்டும்; வாசலில் உட்காரவைத்துத்தான் ஊற்ற வேண்டும். வெந்த முகத்தோடு மறுபடியும் வெயிலில் உட்கார்ந்தேன். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து அப்பினார்கள். அப்பியது ரேவதி.

முருகேசன் மனசு கேட்காமல் கிளம்பி வந்துவிட்டார். மஞ்சள் பத்துக்கு அடியில் சீழ் வாடை. யாரிடமும் கேட்கவில்லை, என் தலையில் துண்டைப் போட்டு வண்டியில் ஏற்றித் தர்மபுரியில் ஒரு தோல் மருத்துவரிடம் கூட்டிப்போனார்.

அந்த அம்மா உப்புத் தண்ணீரால் பத்தைக் கழுவி எடுத்தார். என் கழுத்தை விளக்கு வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு தன் நான்கு விரல்களை என் கழுத்துக்கு நேராகக் காற்றில் இழுத்துக் காட்டினார்.

“இங்க பாருங்க, நாலு கோடு. விரல் போன தடம் அப்படியே இருக்கு. அம்மை கோடு போட்டுக்கிட்டு வருமா? என்ன பூசுனீங்க?”

சொன்னேன். கார்போக அரிசி என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அவர் சொன்னதை அப்படியே தருகிறேன், உங்களுக்குப் பயன்படும். அந்த விதையில் சோராலென் (வெயிலின் வேகத்தைத் தோலுக்குள் பல மடங்காக்கும் பொருள்) இருக்கிறது. எலுமிச்சையிலும் உண்டு. வெண்புள்ளிக்கு மருத்துவர்கள் அதை அளந்து, வெயிலையும் அளந்துதான் கொடுப்பார்கள். பூசிக்கொண்டு வெயிலில் நின்றால் ஃபைட்டோஃபோட்டோடெர்மடைட்டிஸ் (செடிச் சாறும் வெயிலும் சேர்ந்து தோலைச் சுடும் அழற்சி) வரும். அதில் ஒரு சூது உண்டு. சுட்ட அன்றைக்குத் தெரியாது. ஒரு நாள் பொறுத்துச் சிவக்கும். அதற்கும் மறுநாள் கொப்புளிக்கும். பட்ட உடனே சோப்புப் போட்டுக் கழுவி, நிழலுக்குள் போய்விட்டால் பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளலாம்.

“இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா கண்ணுக்குப் போயிருக்கும்” என்றார்.

சீழுக்கு மாத்திரை, ஈரத் துணி ஒற்றடம், ஸ்டீராய்டு களிம்பு (அழற்சியைத் தணிப்பது, மருத்துவர் சொன்ன நாளுக்குமேல் பூசக்கூடாது). இமை மெல்லத் திறந்தது. கொப்புளங்கள் வற்றி உரிந்தன. அந்த இடங்களில் ஹைப்பர்பிக்மென்டேஷன் (புண் ஆறிய தோல் கருத்துப்போவது) வந்து உட்கார்ந்தது. மறைய மாதக்கணக்கில் ஆகும், அதுவரை வெயிலே ஆகாது என்றார்கள். கறுப்பியின் கழுத்தில் அதைவிடக் கறுப்பாக நான்கு கோடுகள். சந்தைக்குப் போனால் ஜனங்கள் என் கழுத்தைப் பார்த்துத்தான் விலை சொன்னார்கள்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னோம். மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ரேவதியிடம் நேராகவே கேட்டேன்.

“என் அலமாரியில இருந்த டப்பா எங்க?”

“எந்த டப்பாங்க்கா? நீங்க சந்தையில எதாச்சும் வாங்கிப் போட்டிருப்பீங்க. ஆத்தா வந்ததுக்கு என்னையப் போயி சொல்றீங்களே.”

கண்ணில் தண்ணீர்கூட விட்டாள். முருகேசன் சண்டைக்குப் போகப் பார்த்தார், நான்தான் தடுத்தேன். எனக்குச் சண்டை வேண்டாம். அவள் வாயிலிருந்து, ஆட்கள் முன்னால், உண்மை வரவேண்டும். அது ஒன்றைத் தவிர எனக்கு அப்போது வேறு எந்தச் சுகமும் தேவைப்படவில்லை.

அவளும் சில மாதம் கிரீம் பக்கமே போகவில்லை. பிறகு ஒரு நாள், அடுப்படி மேடையில் எண்ணெய்க்குள் கறுத்த விதைகள் ஊறிக்கொண்டிருந்தன. சொல்லிச் சொல்லி அம்மைதான் என்று அவளே நம்பிவிட்டாள். தனக்குப் பூசிப் பார்த்திருக்கிறாள். ஆனால் அவள் வெயிலுக்கே வராதவள், படுக்கப் போகும்போது பூசுபவள். நிழலில் இருக்கும்வரை அது யாரையும் சுடாது. அந்த எண்ணெயைக் கீழே கொட்ட எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? கொட்டவில்லை. காத்திருந்தேன்.

மகளிர் குழுப் பெண்கள் டப்பா வாங்க எங்கள் வாசலுக்கு வந்தார்கள். நானும் குடையைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். குழுத் தலைவி என் முகத்தைப் பார்த்துவிட்டு, “இது பூசியா சாந்தி இப்படி ஆச்சு?” என்று கேட்டார்.

“அய்யோ, அவங்களுக்கு ஆத்தா போட்டதுங்க” என்று முந்திக்கொண்டாள் ரேவதி.

“சரி, ஆத்தாளாவே இருக்கட்டும். உன் சரக்குத்தானே, உன் கையில பூசிக்கிட்டு இந்த வெயில்ல கொஞ்ச நேரம் நில்லு. பாத்துட்டு எல்லாரும் வாங்கிக்கட்டும்” என்றேன்.

அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். அத்தனை பேர் முன்னால் பின்வாங்க முடியுமா? மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை நான்கு விரலால் இழுத்துப் பூசினாள். வாசல் நடுவில் போய்க் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். வெயில் நன்றாகவே காய்ந்தது. பெண்கள் நிழலில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசினார்கள். நான் அவள் கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

நேரம் போனபின் அவள் சிரித்துக்கொண்டே வந்து கையைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். “பாருங்க, ஒரு பொட்டு செவப்பு இருக்கா?”

இல்லை. எல்லோரும் டப்பாவுக்குக் கை நீட்டினார்கள். நான் டப்பாப் பெட்டியை இழுத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

“நாளான்னிக்கு சந்தைதானே. போறப்ப இந்த வழியா வாங்க. அன்னிக்கும் அவ கை இதே மாதிரி இருந்தா, மொத்த டப்பாவையும் நானே தலையில வச்சுக் கூவி விக்கிறேன்.”

சிரித்துக்கொண்டே போனார்கள். சோப்புப் போட்டுக் கழுவு என்று ரேவதியிடம் நான் சொல்லவில்லை. எனக்குத் தெரியும், சொல்லவில்லை. உடனே கழுவினால் தப்பித்துக்கொள்ளலாம் என்று மருத்துவர் சொன்னது என்னோடே இருந்தது. அன்று படுத்ததும் தூங்கிப்போனேன்.

மறுநாள் மாலை அவள் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டே நடமாடினாள். சந்தையன்று காலையில் அறைக் கதவு திறக்கவில்லை. பெண்கள் கூடைகளோடு வந்து நின்றார்கள். நான் வேப்ப மரத்தில் ஒரு கொத்து ஒடித்து வந்து, அவள் அறை நிலைப்படியில் செருகினேன்.

“யாரும் உள்ள போவாதீங்க. ஆத்தா வந்திருக்காங்க.”

மாமியார் என்னைப் பார்த்தார். கதவு திறந்தது. ரேவதியின் முகம் அழுது வீங்கியிருந்தது. கையை நீட்டினாள். நான்கு கோடுகள். கோடு முழுக்கக் கொப்புளம்.

“அக்கா, அந்த டாக்டரம்மா என்னா மருந்து குடுத்தாங்க?”

“எதுக்குக் கேக்குற? ஆத்தாளுக்கு மருந்து வைக்கக் கூடாதே. தாளிக்காம சமைக்கச் சொல்றேன். தண்ணிய வெயில்ல வைக்கச் சொல்றேன். போய்ப் படு.”

“எரியுதுங்க்கா.”

“எனக்கும் எரிஞ்சுது.”

அவள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னாள்.

“ஆத்தா இல்லீங்க. கிரீமுதான். டப்பாவ நாந்தான் எடுத்து வூட்டுக்குப் பின்னால குழி தோண்டிப் பொதைச்சேன். மூஞ்சியப் பாத்ததும் பயந்துட்டேன்.”

குழுத் தலைவி பெட்டியைத் தூக்கிக்கொண்டு குப்பைமேட்டுப் பக்கம் போனார். நான் இடுப்பிலிருந்து களிம்பை எடுத்து ரேவதியின் நல்ல கையில் வைத்தேன். காலையிலேயே செருகி வைத்திருந்தேன். அன்றே தர்மபுரிக்கும் அனுப்பிவைத்தோம். அவளுக்குக் கண்ணுக்குப் பயமில்லை, சீழில்லை, வேப்பிலைப் படுக்கையில்லை. நியாயமாகப் பார்த்தால் அவளிடம் எனக்கு இன்னும் பாக்கி இருக்கிறது.

இப்போது என் தோல் பழைய தோல் இல்லை. ஜன்னல் வழியே வெயில் நகர்ந்து வந்தால், பார்ப்பதற்கு முன்பே கழுத்துக்குத் தெரிந்துவிடுகிறது. குடையும் தலைத்துண்டும் இல்லாமல் தோட்டத்தில் இறங்குவதில்லை. ஒன்றும் ஆகவில்லை என்று அன்றைக்கே சொல்லும் பழக்கமும் போய்விட்டது. எதற்கும் இரண்டு நாள் விட்டுத்தான் சொல்கிறேன்.

நாங்கள் இன்னமும் ஒரே அடுப்பில்தான் சமைக்கிறோம். ரேவதி சோறு போடும்போது அவள் கை என் தட்டுக்கு மேலே வரும். என் கோடுகள் வெளுத்து, தெரிந்தும் தெரியாமலும் இருக்கின்றன. அவளுடையவை இன்னும் கறுப்பாகவே இருக்கின்றன. என்னைவிடச் சில மாதம் பின்னால் தொடங்கியவை அல்லவா. நான்கையும் பார்த்துக்கொள்கிறேன். “போதுமாங்க்கா?” என்று கேட்பாள்.

“இன்னும் கொஞ்சம் போடு” என்பேன்.