லேயாள் டீச்சர் சொல்லாத ஆமென்

மார்த்தாண்டம் சந்தையில் பள்ளிக்கூடத்துக்குச் சாக்பீஸ் வாங்கிக்கொண்டு நின்றபோது செய்தி வந்தது. எங்கள் ஊர் வழியாகப் போகும் பஸ்ஸின் கண்டக்டர் படியில் தொங்கியபடியே என்னைப் பார்த்து, “சாறே, ஒங்க ஸ்கூல் லேயாள் டீச்சர் விடியக்காலம் எறந்துபோயிட்டாவ. ஏறுகியளா?” என்றார். ஏறினேன். பக்கத்தில் இருந்த வெற்றிலை வியாபாரி, “யாரு, ஆமென் டீச்சரா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததற்கு வெட்கப்பட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

காய்ச்சல் என்று லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவர். திங்கட்கிழமை வந்துவிடுவார் என்றுதான் நாங்கள் எல்லோரும் இருந்தோம்.

நான் ஜெபம் செய்கிறவன் அல்ல. இந்தச் சபையில் ஞானஸ்நானம் பெற்றவன், இந்தச் சபையின் பள்ளியில் சம்பளம் வாங்குகிறவன், அவ்வளவுதான். நாடு விடுதலை அடைந்தும் நம் கோயிலில் பெஞ்சில் உட்காருகிறவர்கள் பெஞ்சிலும், பாயில் உட்காருகிறவர்கள் பாயிலும்தான் இருக்கிறார்கள். ஒரே அப்பத்தைப் பிட்டுத் தின்ற பிறகு வீட்டுக்குப் போகும் வழியில் யார் யாருக்கு ஒதுங்கி நிற்கிறார்கள் என்பதைப் பார்த்த நாளிலிருந்து என்னால் ஜெபத்தில் கண்ணை மூட முடியவில்லை. அப்படிப்பட்ட நான் இரண்டாம் வகுப்பு டீச்சர் ஒருவரின் ஜெபத்தைப் பற்றி எழுதுகிறேன் என்றால், காரணம் இருக்கிறது.

பள்ளியில் நான் சேர்ந்த முதல் வாரம். காலை ஜெபத்தைத் தலைமையாசிரியர் நடத்தினார். நல்ல மனிதர், ஆனால் ஆதாமில் தொடங்கினால் ஆதாமிலிருந்து வரிசையாக வருகிறவர். பங்குனி வெயிலில் பிள்ளைகள் மணலில் காலை மாற்றி மாற்றி நின்றார்கள். அவர் இஸ்ரவேலரைச் செங்கடலின் பாதிதூரம் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அப்போது பின்வரிசையிலிருந்து மணி அடித்தாற்போல ஒரு “ஆமென்!” எழுந்தது. பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே குரலில் “ஆமென்” என்று கத்திவிட்டு வகுப்புக்கு ஓடினார்கள்.

தலைமையாசிரியர் கண்ணைத் திறந்து, “டீச்சர், நான் இன்னும் முடிக்கல்லியே” என்றார்.

“முடிஞ்சுது சாறே. வடக்கு ஓரத்துல ரெண்டு பிள்ளைய தலைசுத்தி உக்காந்தாச்சு. மிச்சத்த ஒங்க ரூமுல இருந்து சொல்லுங்க. ஆண்டவரு அங்கயும் கேப்பாரு.”

அதுதான் நான் கேட்ட முதல் ஆமென். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் குரல் கோயில் கூரையைத் தொடும். ஊரில் அதைச் சொல்லிக் கேலி செய்யாதவர் கிடையாது. “டீச்சர் ஆமென் சொன்னா எனக்க கோழி அடைய விட்டு எந்திரிச்சு ஓடுது” என்பாள் கோயிலுக்குப் பக்கத்து வீட்டுக்காரி. டீச்சரும் சேர்ந்து சிரிப்பார்.

அவருடைய ஜெபத்தில் அலங்காரம் இருக்காது. பக்கத்து வகுப்பில் இருந்ததால் பலமுறை காதில் விழுந்திருக்கிறது. ஒரு பையன் பல நாட்களாக வரவில்லை என்றால், வருகைப் பதிவு எடுத்தவுடன், “ஆண்டவரே, தங்கராசு வரல்ல. சாயங்காலம் நான் போய்ப் பாக்கேன். நீரும் கூட வாரும்” என்பார். சொன்னபடியே சாயங்காலம் குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிடுவார்.

ஒருநாள் நான் குத்தலாகக் கேட்டேன். “ஆண்டவருக்கு வழி தெரியாதா டீச்சர்? நீங்க கூட்டிட்டுப் போகணுமா?”

“வழியெல்லாம் தெரியும். நம்ம ஊருல ஒத்தையில போனா வாசல்லயே நிப்பாட்டிருவாவ. கூட ஒரு ஆளு வேணும்.”

எல்லா ஜெபத்துக்கும் பதில் வருமா என்று இன்னொரு நாள் கேட்டேன். விவாதத்தில் மடக்குவதற்காகவே கேட்டேன். அவர் மதியச் சாப்பாட்டு வாளியைக் கழுவிக்கொண்டிருந்தார். “வராது” என்றார். “வந்திருந்தா எனக்கும் ஒரு பிள்ளை இருந்திருக்கும் மக்கா.” பிறகு வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வகுப்புக்குப் போனார். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை நான் யாரிடமும் கேட்டதில்லை.

சபையாரே, மாசிலாமணியை உங்களுக்குத் தெரியும். சபை மூப்பரின் பனந்தோப்பு விளையில் பனையேறியவர். பதநீருக்குப் பாளை சீவப் போன இடத்தில் கால் நழுவி விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லாமல் போனது. அந்த விளையிலேயே ஒரு குடிசையில் மனைவி ஞானப்பூவோடும் இரண்டு பெண்பிள்ளைகளோடும் இருந்தார். அந்தக் குடிசைக்கு ஒரு சட்டம் உண்டு: மரம் ஏறுகிறவனுக்குத்தான் அது. ஏற முடியாதவனுக்கு அங்கே இடமில்லை. எந்தக் காகிதத்திலும் எழுதப்படாத சட்டம். ஆகவே எதிர்த்து வழக்குப் போடவும் முடியாது.

டீச்சர் தினமும் அங்கே போவார். ஒரு சனிக்கிழமை என்னையும் கூப்பிட்டார். “அவர் நடக்கப்போறதில்ல. எதுக்கு டீச்சர் வீணா ஜெபம்?” என்றேன்.

“நடக்கணும்னு யாரு கேட்டா? ஞானப்பூவுக்கு அவனத் தூக்கிப் பெரட்டி நடுவு ஒடியுது. ஒரு ஆம்பள ஆளத் தாரும்னு கேட்டேன். நீங்க வந்து நிக்கியோ. பேசாம கால் பக்கம் பிடிங்க சாறே.”

பிடித்தேன். படுக்கைப் புண்ணின் நாற்றத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மாசிலாமணி கூரையைப் பார்த்துக்கொண்டு, “சாறுக்கு மொகம் போற போக்கப் பாருங்க. எனக்குப் பாக்க முடியாதது நல்லதாப் போச்சு, எனக்க முதுகுதானே” என்றார். எல்லோரும் சிரித்தார்கள், ஞானப்பூவும்கூட. அன்று முதல் வாரத்துக்கு ஒருநாள் போனேன். என்னை ஒரு ஜெபத்தின் பதிலாக்கிவிட்டாரே என்ற எரிச்சல் எனக்குக் கொஞ்சகாலம் இருந்தது.

மழைக்காலம் நெருங்கியது. மூப்பருக்குப் புதிய பனையேறி கிடைத்துவிட்டார். குடிசை வேண்டும். ஆனால் மூப்பர் “வெளியே போ” என்று சொல்லக்கூடியவர் அல்ல. அவரைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும்: மாசிலாமணி விழுந்த நாளில் மாட்டு வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியவர் அவர். கஞ்சிக்கு அரிசி கொடுத்து விட்டவர். பொய்யர் இல்லை. தமக்கு வேண்டியதுதான் கடவுளுக்கும் வேண்டும் என்று மனதார நம்புகிறவர். பொய்யரிடமாவது வாதாடிப் பார்க்கலாம்.

அவர் அந்தக் குடிசையில் ஒரு வீட்டு ஜெபக்கூட்டம் வைத்தார். சபைப் போதகரான ஐயர் வந்தார், சபைக் கமிட்டிக்காரர்கள் வந்தார்கள், பெண்கள் முற்றத்தில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். நானும் சுவரோரம் நின்றேன். பாட்டு முடிந்தது. மூப்பர் ஜெபித்தார். வியாதியஸ்தனுக்காக உருகினார். அவர் கண்ணில் நீர் வந்ததை நானே பார்த்தேன். பிறகு அதே குரலில், அதே உருக்கத்தில் சொன்னார்:

“பிதாவே, இந்தக் குடும்பத்துக்கு வேறொரு நல்ல இடத்தை ஆயத்தம்பண்ணியிருக்கிறீர். மழைக்கு முன்னே இவர்களைச் சமாதானத்தோடே அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பீராக. இந்த வீட்டிலே வரப்போகிறவர்களையும் ஆசீர்வதியும். ஆமென்.”

வெளியூர்க்காரருக்கு இதில் என்ன ஆபத்து என்று தோன்றும். நம் ஊரில் ரிஜிஸ்டர் ஆபீஸ் முத்திரையைவிட ஆமெனுக்கு மதிப்பு அதிகம். ஐயர் முன்னிலையில், சபை கூடி, ஜெபத்தில் ஆமென் சொல்லி ஒப்புக்கொண்ட ஒன்றை மறுநாள் மறுப்பவன் மூப்பரை அல்ல, தேவனை மறுத்தவன். ஞானப்பூ கண்ணை மூடிக் கைகூப்பியிருந்தாள். அவளுடைய உதடுகள் அசைவதை நான் பார்த்தேன். தன்னை வெளியேற்றும் உத்தரவுக்குத் தானே முத்திரை குத்தப்போகிறாள்.

எல்லோரும் டீச்சரின் குரலுக்காகக் காத்திருந்தார்கள். வருடக்கணக்காக அப்படித்தான் பழக்கம்; அவர் எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். குரல் வரவில்லை. ஒருவர் “ஆ” என்று தொடங்கி இருமலாக்கினார். மூப்பர் ஒரு கண்ணைத் திறந்தார்.

“என்ன டீச்சர், தூங்கிட்டியளா?”

“முழிச்சுதான் இருக்கேன் மூப்பரே.”

“ஜெபம் முடிஞ்சுது.”

“ஆமென்னா அப்படியே ஆகட்டும்னு அர்த்தம். இவிய மழையில எறங்கிப் போறது அப்படியே ஆகட்டும்னு சொல்ல எனக்கு வாய் வரல்ல.”

“ஜெபத்துல தர்க்கமா? ஐயரே, இது என்ன மொறை?”

ஐயர் வேதப்புத்தகத்தை மூடினார், திறந்தார்.

“தர்க்கம் இல்ல” என்றார் டீச்சர். குரலை உயர்த்தவே இல்லை. “அந்த நல்ல எடம் எங்க இருக்குன்னு மட்டும் சொல்லுங்க. நாம எல்லாருமாப் போய்ப் பாத்துட்டு வந்து, எல்லாருமா ஆமென் சொல்லுவோம்.”

மூப்பர் ஐயர் பக்கம் திரும்பினார். கட்டிலிலிருந்து மாசிலாமணி சொன்னார்: “எனக்கும் வாய் வரல்ல ஐயரே.” ஞானப்பூ கூப்பிய கையைப் பிரித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். முற்றத்தில் ஒரு கிழவி, “அந்த எடம் எங்கயாக்கும்? நமக்கும் ரெண்டு சென்ட் நெலம் கெடைக்குமா?” என்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டாள். பாயில் இருந்தவர்கள் அடக்க முடியாமல் சிரித்தார்கள். அந்த ஜெபம் முடியாமலே கூட்டம் கலைந்தது.

குடிசை அந்த மழைக்கு நின்றது. அதற்கடுத்த மழைக்கும் நின்றது. புதிய பனையேறி மூப்பரின் மாட்டுத் தொழுவத்தை ஒட்டிய சாய்ப்புக் கொட்டகையில் தங்கினார். டீச்சருக்குக் கிடைத்த பரிசு, பெண்கள் சங்கத்தில் இனி ஜெபம் நடத்தக் கூப்பிடமாட்டார்கள் என்பது. “நல்லதாப் போச்சு, இனி கேக்குறது மட்டுந்தானே வேலை” என்றார். ஆனால் அந்த மாலை அவர் வழக்கத்தைவிட முன்பே வீட்டுக்குப் போனார். அது அவருக்கு வலிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன்.

எனக்குப் பொறுக்காதது இன்னொன்று. மூப்பரின் மனைவி நோயில் கிடந்தபோது டீச்சர் அங்கேயும் போய் ஜெபித்தார். “அந்த ஆளுக்காகவா?” என்று கத்தினேன். அவர் சிரிக்காமல் சொன்னார்: “அவருக்காக ஜெபிக்கத விட்டுட்டா அவரு எங்கிட்டருந்து தப்பிச்சிருவாரு சாறே. விடமாட்டேன்.” மன்னிப்பு என்றால் மழுப்பல் என்று எண்ணியிருந்தேன். இது பிடியை விடாத மன்னிப்பு. எனக்கு இன்னும் கைவரவில்லை.

டீச்சரின் அடக்கத்துக்கு நீங்கள் எல்லோரும் வந்தீர்கள். மூப்பரும் வந்து ஒரு பிடி மண் போட்டார். கல்லறையிலிருந்து திரும்பும் வழியில் ஞானப்பூ என்னை நிறுத்தினாள். சாய்ப்பில் இருந்த பனையேறிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது; இனி அவருக்கு அந்தக் குடிசை வேண்டும். வருகிற வெள்ளிக்கிழமை மாலை குடிசையில் ஜெபக்கூட்டம் என்று மூப்பர் வீட்டிலிருந்து ஒருவர் வந்து சொல்லிப் போயிருக்கிறார். “இனி யாரு சாறே வாயடச்சு நிக்கப்போறா? நாங்க ரெண்டு பேரு மட்டும் ஆமென் சொல்லாம இருந்தா செல்லுமா?” என்று கேட்டாள்.

டீச்சரிடமிருந்து விசுவாசத்தை நான் பெற்றுக்கொள்ளவில்லை. பெற்றுக்கொண்டதாக எழுதினால் அது அவருக்குச் செய்யும் துரோகம். நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான்: சரி என்று சொல்லுமுன், எதற்குச் சரி சொல்கிறேன், அதனால் யார் நனையப்போகிறார்கள் என்று பார்த்துக்கொள்வது. ஞானப்பூவிடம் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆனால் ஜெபிக்காத ஒருவன் வாய்மூடி நின்றால் யாரும் கவனிக்கப்போவதில்லை. ஞாயிறுதோறும் ஆமென் சொல்லுகிற நீங்கள் வர வேண்டும். பாயில் உட்காருகிறவர்களும் வாருங்கள், பெஞ்சில் உட்காருகிறவர்களும் வாருங்கள். கண்களை மூடிக்கொள்ளுங்கள்; எதற்கு ஆமென் கேட்கிறார்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டு இருங்கள்.